பழைய நிலப்படமும் நம் ஊர்ச் சரித்திரமும்

கல்வெட்டுள்ள ஜினாலயங்களின் வரலாற்றை அறிஞர்கள் எழுதி வைத்துள்ளனர். கல்வெட்டில்லாத நம் சிற்றூர்களின் வரலாற்றுக்குப் பழைய நிலப்படங்களே பெருந்துணையாகும்.

இவை இருவகைப்படும். ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் சர்வே படத்தில் ஊரின் கிடப்பு விளங்கும். ஒரு மைலைப் பதினாறு அங்குலமாக விரிக்கும் பழைய கிராமப் படத்திலோ ஒவ்வொரு புலமும் தன் எண்ணோடு நிற்கும். ஏரி, வாய்க்கால், பாதை, நத்தம், குன்று யாவும் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் இதனைப் பார்வையிடலாம். சென்னை சேப்பாக்கத்திலுள்ள மத்திய நில அளவை அலுவலகத்திலும் கேட்டுப் பெறலாம்.

தேடும்போது பழைய மாவட்டப் பெயரை நினைவிற் கொள்க. வந்தவாசிப் பகுதி 1989 வரை வட ஆற்காட்டிலும், மேல்சித்தாமூர் 1993 வரை தென் ஆற்காட்டிலும், காஞ்சிபுரம் 1997 வரை செங்கற்பட்டிலும் இருந்தன. ஆங்கிலேயர் காலப் படங்களில் காஞ்சிபுரம் ‘காஞ்சீவரம்’ என்றும் வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ என்றும் காணப்படும்.

திருப்பருத்திக்குன்றத்தை எடுத்துக்கொள்வோம். இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய சங்கீத மண்டபத்தைக் கண்டு திரும்புவோர் பலர். படத்தை விரித்தாலோ, காஞ்சி நகருக்கும் இவ்வூருக்கும் இடையே வேகவதி ஓடுவது கண்ணிற்படும். ஜினகாஞ்சி தனித்த பகுதியாக விளங்கியமை அப்போது மனத்திற் பதிகிறது.

அடுத்து, படத்தின் நகலோடு ஊர்ப் பெரியவர்களை அணுகிப் புலங்களின் வழக்குப் பெயர்களைக் கேட்டெழுதுதல் வேண்டும். பட்டாவில் வெறும் எண்ணாக இருப்பது அவர்கள் வாயில் ‘பள்ளிமேடு’ என வரக்கூடும். உடனே மகிழ்ந்துவிடலாகாது. ‘பள்ளி’ என்னும் சொல் பௌத்தர்க்கும் உரியது. வெறும் குடியிருப்பையும் குறிக்கும். அவ்விடத்தில் சிற்பமோ, பழைய செங்கல்லோ, அருகில் பள்ளிச்சந்தம் குறிக்கும் கல்வெட்டோ உண்டா எனப் பார்த்த பின்னரே துணிதல் தகும்.

குன்றுகளின் நிலைதான் நமக்குக் கவலை தருகிறது. முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ள குன்றும் வருவாய்ப் பதிவேட்டில் வெறும் புறம்போக்காகவே நிற்கலாம். கல்லுடைக்கக் குத்தகை விடுவோர் அந்த எண்ணைத்தான் பார்ப்பர்; படுக்கையைப் பார்ப்பதில்லை. ஆகவே தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் விண்ணப்பிக்குங்கால் குன்றின் பெயரோடு புல எண்ணையும் எழுதுக. மறு அளவையில் எண்கள் மாறியிருக்கலாம். எனவே பழைய எண், புதிய எண் இரண்டையும் குறித்து, கற்படுக்கை குன்றின் எத்திசையில் உள்ளதென்பதையும் படத்தில் சிவப்பு மையால் காட்டி இணைத்தல் வேண்டும்.