மழையில் மக்கர் செய்யும் வேன்: பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நம் வணிகர்களிடம் கிளம்பும் புகார்களில் ஒன்று இது: "வெயிலில் வேன் நன்றாகத்தான் ஓடுகிறது, மழை வந்தால் இழுக்க மாட்டேன் என்கிறது, திடீரென்று நின்றுவிடுகிறது." விடியற்காலையில் மார்க்கெட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு கடை திறப்பதற்குள் வந்து சேர வேண்டிய வண்டி, ரயில்வே சுரங்கப்பாதை ஏற்றத்தில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சர்க்கரையும் மைதாவும் நனைந்தால் நனைந்ததுதான். அந்த மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் மொத்த வியாபாரி எவருமில்லை.

இந்தப் பழுதின் விசேஷம், பட்டறைக்குப் போகும்போது அது இருப்பதில்லை. மழை விட்ட மறுநாள் வெயிலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது. மெக்கானிக் என்ன செய்வார்? பிளக்கை மாற்றுவார், கார்புரேட்டரைக் கழுவுவார், பெட்ரோல் பம்பின் மேல் சந்தேகப்படுவார். நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவரின் வேனுக்கு ஒரே மழைக்காலத்தில் இந்த மூன்றும் நடந்தன. கடைசியில் பார்த்தால் டிஸ்டிரிபியூட்டர் மூடியில் மயிரிழை போல ஒரு விரிசல். கடையில் இருப்புக் குறைந்தால் அலமாரியையும் தராசையும் மாற்றிக்கொண்டா இருப்போம்? எந்த வழியாகப் போகிறது என்றுதானே முதலில் பார்ப்போம்! வண்டிக்கும் அதே முறைதான்.

இங்கே நாம் எழுதுவது பெட்ரோல் வண்டிகளைப் பற்றி; அதிலும் டிஸ்டிரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகளைப் பற்றியே பெரும்பாலும். பழைய மாருதி ஆம்னி வேன், அம்பாசடர், பிரீமியர் பத்மினி எல்லாம் இந்த ரகம். இவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் சிறு ஊர்க் கடைவாசல்களில் பழைய ஆம்னிகள் இன்னும் உழைக்கின்றன. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. மழையில் அது நின்றால் ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

மழைக்கும் தீப்பொறிக்கும் என்ன சம்பந்தம்? பாட்டரி தருவது 12 வோல்ட். அதை இக்னிஷன் காயில் 15,000, 20,000 வோல்ட் என்று ஏற்றி, தடித்த நடுவயர் வழியாக டிஸ்டிரிபியூட்டர் மூடிக்கு அனுப்புகிறது. உள்ளே சுழலும் ரோட்டார் அதை முறைப்படி ஒவ்வொரு பிளக் வயருக்கும் பங்கிடுகிறது. இத்தனை அழுத்தமுள்ள மின்சாரம் சுலபமான வழி கிடைத்தால் அதில்தான் போகும். காய்ந்த நாளில் வயரின் ரப்பரும் மூடியின் பிளாஸ்டிக்கும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. அவற்றின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் சாலைப் புழுதியும் மூட்டைத் தூசியும் படிந்து, அந்தப் படிவு ஈரமானால், அதுவே ஒரு வயராகிவிடுகிறது. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி எஞ்சின் உடம்பில் இறங்கி வீணாகிறது. சுத்தமான மூடியில் நாலு சொட்டு மழைநீர் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அழுக்கும் விரிசலும் இருந்தால்தான் வினை.

தேய்ந்த பிளக்கும் இதற்குத் துணைபோகிறது. 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்து 1.1 ஆகிவிட்டால், அதைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் தேவை. அழுத்தம் கூடக் கூட, பலவீனமான இடத்தில் கசிவும் கூடும். புது பிளக் போட்டதும் கொஞ்ச நாள் சரியானது போல் தோன்றிப் பிறகு பழைய கதை தொடர்வது இதனால்தான்.

வண்டி எப்போது, எப்படி நிற்கிறது என்பதை டிரைவரிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். பழி அவர் மேல் விழுமோ என்று பயந்தால் பாதியை மறைத்துவிடுவார். இரவெல்லாம் மழை பெய்து காலையில் ஸ்டார்ட் ஆகாமல், வெயில் ஏறியதும் ஸ்டார்ட் ஆனால், மூடிக்குள் ஈரம் வியர்த்திருக்கலாம். தேங்கிய தண்ணீரில் இறங்கிய உடனே இருமினால், அது கீழிருந்து தெறித்த தண்ணீர். ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தெறிப்பு சுலபமாக எட்டும். நின்ற வண்டி கால் மணி கழித்துத் தானாகவே கிளம்பினால், எஞ்சின் சூடே ஈரத்தை உலர்த்திவிட்டது என்று கொள்ளலாம். ஒரே தாளத்தில் 'தப் தப்' என்று ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால், அந்தப் பிளக்கையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக அணைந்தால் காயில், நடுவயர், மூடியின் நடுப்பகுதி, ரோட்டார் ஆகியவற்றில்தான் கோளாறு இருக்கும்.

இனி சோதனை. இதற்கு மழை வேண்டாம்; இஸ்திரி போடுபவர் துணிக்குத் தண்ணீர் தெளிப்பாரே, அந்த ஸ்பிரே பாட்டில் போதும். இருட்டிய பிறகு வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் புகை ஆளைக் கொல்லும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். கசிவு பலமாக இருந்தால் தண்ணீர் தெளிக்காமலே நீலப் பொறி ஓடுவது தெரியும், 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்கும்.

தெரியாவிட்டால், பனி மாதிரி மெல்லிய தூவலாகத் தெளிக்க வேண்டும். முதலில் காயில் தலைப்பகுதி, பிறகு நடுவயர், பிறகு மூடி, அதன்பின் ஒவ்வொரு பிளக் வயராக. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிமிடம் விட்டுத் தெளியுங்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் சேர்த்து நனைத்துவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். எங்கே தெளிக்கும்போது எஞ்சின் தடுமாறுகிறதோ, கசிவு அங்கே இருக்கிறது. ஓடும் எஞ்சினில் வயரைக் கையால் தொடவோ பிடுங்கவோ கூடாது. ஷாக் பலமாக அடிக்கும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது.

இடம் தெரிந்த பிறகு எஞ்சினை நிறுத்தி, வயர்களுக்கு அடையாளம் போட்டுக்கொண்டு, மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உட்புறத்தில் பென்சிலால் கோடு இழுத்தது போலக் கரிக்கோடு ஓடினால் அது மின்சாரம் நடந்த தடம். உப்புத்தாளால் தேய்த்தால் போகாது, மூடியையே மாற்ற வேண்டும். நடுவில் உள்ள சிறு கரித்துண்டு தேய்ந்திருக்கிறதா, ரோட்டாரில் வெடிப்பு உண்டா என்றும் கவனிக்கவும். கோடும் விரிசலும் இல்லாமல் வெறும் ஈரமும் அழுக்கும்தான் என்றால், உலர்ந்த சுத்தமான துணியால் துடைத்தாலே போதும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் கருங்கோடு இருந்தால் பிளக்கோடு அதன் ரப்பர் தொப்பியையும் மாற்றவும்.

பிளக் வயர்களை மீட்டர் வைத்துப் பார்த்து "ரெசிஸ்டன்ஸ் சரியாக இருக்கிறது, வயர் நல்ல வயர்" என்று சில இடங்களில் சொல்லிவிடுகிறார்கள். மீட்டர் சொல்வது உள்ளே இருக்கும் இழையைப் பற்றி மட்டுமே. மேலுறை வெடித்துக் கசிவதை அது காட்டாது. தூவல் சோதனைதான் காட்டும். வயர் மாற்றுவதானால் ஒன்றை மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றுவது நல்லது. ஒன்று வெடித்தால் மற்றவையும் அதே வயதுதான்.

ஈரத்தை விரட்டும் ஸ்பிரே டப்பா கடைகளில் கிடைக்கிறது. வழியில் நின்ற வண்டியைக் கிளப்ப உதவும், பழுதைத் தீர்க்காது. அதன் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் அடித்த உடனே செல்ஃப் அடிக்கக் கூடாது. சில நிமிடம் காற்றாட விடவும்.

தூவல் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மேலும் இரண்டைப் பார்க்கலாம். மழையில் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் சேர்ந்து ஓடும்போது, தளர்ந்த பெல்ட் நனைந்து வழுக்கினால் சார்ஜ் இறங்கிப் பொறியும் பலவீனமாகும். 'கீச்' என்ற சத்தம் அதற்கு அடையாளம். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் சுமார் 14 வோல்ட் இருக்க வேண்டும். இன்னொன்று பெட்ரோல் டாங்கி. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. மூடி சரியில்லாத டாங்கிக்குள் மழைநீர் போதிய அளவு இறங்கினால், எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

புதிய வண்டிகளில் டிஸ்டிரிபியூட்டர் இல்லை. பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினை பம்ப் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பி 0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி 0302 என்றால் இரண்டாவது. அந்தச் சிலிண்டரின் காயிலை அடுத்ததோடு இடம் மாற்றிப் பார்த்து, பழுதும் கூடவே நகர்ந்தால் காயில்தான் போயிருக்கிறது. விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டிக்கொண்டே வரக்கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் உள்ள விலை உயர்ந்த கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் பல வண்டிகளின் எஞ்சின்கள் நாசமானதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆழமான தண்ணீரில் வண்டி நின்றால் அது பொறிக் கசிவாக இல்லாமல், காற்றுக் குழாய் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்ததாகவும் இருக்கலாம். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினையே இறக்க வேண்டி வரும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் இந்தச் செலவு பொதுவாகக் கிடைப்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். ஆகவே நம் டிரைவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: தண்ணீரில் நின்ற வண்டிக்குச் சாவி போடக்கூடாது, தள்ளிக் கரையேற்றி, பிளக்குகளைக் கழற்றித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதுவரை சரக்கை வேறு வண்டியில் ஏற்றிக் கடைக்கு அனுப்பிவிடலாம்.