நேற்று என்ன உண்டீர்கள்? அன்றாட உணவைக் கணக்கிட்டு அறியும் முறை

புறநோயாளிகள் பிரிவில் நாள்தோறும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாப்பாடெல்லாம் எப்படி?" அதற்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: "அளவாகத்தான் சாப்பிடுகிறேன்." இந்தக் கேள்வியாலும் விடையாலும் எவருக்கும் பயனில்லை என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. உணர்த்தியவர் இப்பகுதியைச் சேர்ந்த, பீடி சுற்றும் தொழில் செய்யும் 52 வயது அம்மையார் ஒருவர்.

ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். ஹீமோகுளோபின் 8.1. இரும்புச்சத்து மாத்திரையை ஆறு மாதங்கள் தவறாமல் உட்கொண்டும் அந்த அளவு அசையவில்லை. இருமுறை மாத்திரையை மாற்றி எழுதினேன். உணவைப் பற்றிக் கேட்டபோது, "நான் என்னத்தச் சாப்பிடுதேன் சார், ஒண்ணுமே இறங்க மாட்டேங்கு" என்றார். நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். பின்னர் ஒருநாள் அவருடைய மருமகளிடம் ஒரு பள்ளி நோட்டைக் கொடுத்து, மூன்று நாள்களுக்கு அத்தை வாயில் போடும் ஒவ்வொன்றையும் நேரத்துடன் எழுதி வருமாறு சொன்னேன்.

அந்த நோட்டின் ஒரு நாள் பக்கம் இது. காலை 5.30-க்கு டீ. 7 மணிக்கு டீயும் இரண்டு ரஸ்க்கும். 10 மணிக்குப் பழைய சோறு, ஊறுகாய். 11.30-க்கு டீ. 2 மணிக்குச் சோறு, புளிக்குழம்பு, அதில் கத்தரிக்காய் இரண்டு துண்டு, அப்பளம் இரண்டு. சாப்பிட்டு முடித்ததும் மாத்திரைகள், டீயுடன். 4.30-க்கு டீ, ஒரு பருப்பு வடை. இரவு 9 மணிக்குச் சோறு, மதியக் குழம்பு, அப்பளம்.

மாத்திரைகளை டீயுடன் விழுங்கினார் என்ற ஒரு வரியே ஆறு மாதப் புதிருக்கு விடையாக அமைந்தது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, குடல் அதை உறிஞ்சாதபடி தடுத்துவிடுகின்றன. "வெறும் தண்ணியில போட்டா ஒமட்டுது" என்றார் அவர். எந்த மாத்திரையை எதனுடன் விழுங்குகிறீர்கள் என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. குடலில் இரத்தக் கசிவு உண்டா என்ற பரிசோதனையையும் செய்தோம். இந்த வயதில் இரத்தசோகைக்கு உணவை மட்டுமே காரணமாக்கி விட்டுவிடக் கூடாது. கசிவு இல்லை. மாத்திரையை டீயிலிருந்து இரண்டு மணி நேரம் விலக்கி, சர்க்கரை சேர்க்காத எலுமிச்சைச் சாற்றுடன் கொடுத்தோம். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உறிஞ்சத் துணைபுரியும். மூன்று மாதங்களில் ஹீமோகுளோபின் 10.6 ஆயிற்று.

அதே பக்கத்தை இப்போது கணக்காகப் பார்ப்போம். ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. மொத்தம் 50 கிராம், 200 கலோரி. வீட்டில் ஒருவரும் இதை உணவாகவே எண்ணவில்லை. (கருப்பட்டிக்கு மாறினால் கணக்கு மாறிவிடாது; நீரிழிவில் அதுவும் சர்க்கரையே.) மூன்று வேளைச் சோறு, அரிசியாக ஏறத்தாழ 300 கிராம், 1050 கலோரி. ஆக, நாளின் மொத்தமான சுமார் 1700 கலோரியில் சோறும் சீனியுமே 1250. "ஒன்றும் இறங்கவில்லை" என்றவரின் கணக்கு இது. அவர் பொய் சொல்லவில்லை; பசித்து உண்ட நிறைவு அவருக்கு இல்லை என்பதும் உண்மைதான்.

புரதத்தைப் பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 52 கிலோ எடையுள்ள அவருக்கு நாளொன்றுக்கு 43 கிராம் வேண்டும். அரிசியில் 23, டீயில் சேர்ந்த பாலில் 6, வடையிலும் ரஸ்க்கிலும் 4, மொத்தம் 33. குறையும் 10 கிராமை ஒரு முட்டையும் (6 கிராம்) ஒரு சிறு கைப்பிடிச் சிறுபயறும் ஈடுசெய்துவிடும். முட்டை உண்ணாதவர்கள் காணத் துவையலையோ நிலக்கடலையையோ நாடலாம். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் கூறு பயறு வகைகளில் மிகுதி. இட்லிக்கு உளுந்து சேர்த்த நம் முன்னோர் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் சேர்க்கை சரியானது.

காய்கறி ஐம்பது கிராம்கூட இல்லை. பழம் அறவே இல்லை. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிய லாரிகள் நாள்தோறும் கேரளத்துக்குச் செல்லும் வட்டாரத்தில் வாழ்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உணவை நிறுத்தும் அளந்தும் நோயை அறியும் இக்கலை இந்தியாவில் வளர்ந்த இடம் நம் தமிழ்நாடுதான். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பணி அது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பயறு, காய்கறி கலந்த வடபுலத்து உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை நலிந்தன. 1935-இல் அவருக்குப்பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் தென்னிந்தியக் கிராமங்களில் உணவு ஆய்வுகள் நடத்தினர். இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையும் 1937-இல் வெளிவந்தது. 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த அந்த ஆய்வகமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாள் தட்டை இவ்வாறு வகுக்கிறது: தானியம் 250 கிராம், காய்கறி 400, பழம் 100, பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. தானியமும் பருப்பும் சமைப்பதற்கு முந்தைய எடை. இது நலமுள்ளவருக்கான அளவு, நோய்க்கேற்ப மாறும்.

இனி, தாங்கள் செய்ய வேண்டியது. அடுத்தடுத்து வராத மூன்று நாள்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு சாதாரண நாள்கள், ஒரு ஞாயிறு. பரோட்டா வாங்கிய இரவும் கல்யாண வீட்டுப் பந்தியும் கணக்கில் வரட்டும். உண்டவுடன் எழுதுங்கள், மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் டீயும் முறுக்கும் முதலில் மறந்துபோகும். 200 மில்லி டம்ளர் ஒன்றையும் தேக்கரண்டி ஒன்றையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு உழக்கு எத்தனை கிராம் அரிசி கொள்ளும் என்பதை மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள். தட்டில் மீதம் வைத்ததையும், மாத்திரை எப்போது, எதனுடன் என்பதையும் எழுதுங்கள். உடனிருந்து பராமரிப்பவர் எழுதுவது மிக நன்று.

எண்ணெயையும் உப்பையும் இவ்விதம் எழுதிப் பிடிக்க இயலாது. அவற்றை மாதக் கணக்கில் பிடிக்கலாம். நால்வர் கொண்ட குடும்பத்தில், ஆளுக்கு 27 கிராம் வீதம் ஒரு மாதத்துக்கு எண்ணெய் ஏறத்தாழ மூன்றரை லிட்டர். உப்பு ஆளுக்கு 5 கிராம் என்பதால், ஒரு கிலோ பாக்கெட் 50 நாள்களேனும் வர வேண்டும். அதற்கு முன்னரே தீர்ந்தால் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைச் சேர்க்காமலேயே எல்லை கடந்துவிட்டீர்கள் என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை. நோட்டைப் பார்த்ததும் தாங்களாகவே சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் மருந்தைக் குறைக்காமல் சோற்றை மட்டும் குறைத்தால், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரலாம். சிறுநீரக நோயாளிகளுக்குப் புரதம், கீரை, பழம், இளநீர் அனைத்துக்கும் தனி அளவு உண்டு. மேற்சொன்ன 400 கிராம் காய்கறி அவர்களுக்கு உரியதன்று.

மருத்துவர் பார்க்கப் போகிறார் என்பதற்காக அந்த மூன்று நாள்கள் மட்டும் கீரையும் கேழ்வரகுக் கூழும் உண்டு எழுதிவந்தவர்கள் உண்டு. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அந்த நோட்டுடன் ஒத்துப்போவதில்லை என்பதால் எளிதில் தெரிந்துவிடும். அடித்தல் திருத்தலோடு, எண்ணெய்க் கறை படிந்த நோட்டாக இருந்தாலும் அப்படியே கொண்டுவாருங்கள். தற்போது எடுக்கும் மாத்திரை அட்டைகளையும் உடன் எடுத்துவாருங்கள்.