தோமையார் மலைக்கு ஒரு திருப்பயணம்

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்துள்ளனர். நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு 1917ஆம் ஆண்டு இவ்வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. இத்தோட்டங்களில் உழைத்த தமிழருள் பெரும்பாலோர் இந்துக்கள், கிறிஸ்துவர்களும் இருந்தனர். ஆகவே, மாரியம்மன் கோயிலுடன் சிறியதொரு தேவாலயத்தையும் சில தோட்டங்களில் காண முடிந்தது.

தோட்டக் கிறிஸ்துவக் குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து திருப்பயணம் செல்வது நெடுநாளைய வழக்கமாகும். ஜூலை 26ஆம் நாளையொட்டிப் பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாம் நகரிலுள்ள புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்குப் பேருந்தில் செல்வர். வசதியும் வாய்ப்பும் அமைந்தால் தமிழ்நாட்டுக்கும் செல்வர். வேளாங்கண்ணியை வணங்கிவிட்டுச் சென்னைக்குச் செல்பவர்கள் அங்கு மூன்று இடங்களைத் தேடிச் செல்கின்றனர். அவை புனித தோமையார் மலை, சின்னமலை, சாந்தோம் என்பனவாகும்.

இம்மூன்று இடங்களும் இயேசுவின் பன்னிரு சீடர்களுள் ஒருவரான தோமையாரோடு தொடர்புடையவை. அவர் கி.பி. 52இல் கேரளக் கடற்கரையை வந்தடைந்தார் என்றும், பின்னர் மயிலாப்பூர்ப் பகுதியில் சமயப்பணி ஆற்றினார் என்றும் கிறிஸ்துவ மரபு கூறுகிறது. அவர் சின்னமலைக் குகையில் தங்கினார், கி.பி. 72இல் பெரிய மலையில் உயிர்நீத்தார். அவரது உடல் சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டது. இவையும் அம்மரபு கூறும் செய்திகளே.

தோமையார் மலையைப் பரங்கிமலை என்றும் அழைப்பர். அது சென்னை விமான நிலையத்திற்கு அருகிலேயே உள்ளது. மேலே செல்லச் சாலை இருந்தாலும், முதியவர்கள் பலர் ஆங்காங்கே இளைப்பாறியவாறு படிகளிலேயே ஏறுகின்றனர். அப்படிகளை அமைத்தவர் தமிழரும் அல்லர், போர்த்துக்கீசியரும் அல்லர். 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த பெட்ரஸ் உஸ்கான் எனும் ஆர்மேனிய வணிகரே அவற்றை அமைத்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பழைய பாலத்தைக் கட்டியவரும் அவரே. மலைக்கு வரும் மக்கள் ஆற்றைக் கடக்க அது பெரிதும் உதவியது.

மலையுச்சித் தேவாலயத்தின் பலிபீடத்தில் கல்லில் செதுக்கப்பட்ட சிலுவை ஒன்று உள்ளது. 1547ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் அங்கு நிலத்தைத் தோண்டியபோது அது கிடைத்தது. சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்துகள் தமிழோ இலத்தீனோ அல்ல. அவை பழைய பாரசீக மொழியான பகலவியில் அமைந்தவை. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாரசீகத்தோடு உறவுகொண்ட கிறிஸ்துவர்கள் இங்கு வழிபட்டனர் என்பதற்கு இக்கல் சான்றாகும். எனினும், தோமையார் இங்கு வந்தார் என்பதை இக்கல் மட்டுமே மெய்ப்பித்துவிடாது.

மரபுச் செய்தி வேறு. வரலாற்றுச் சான்று வேறு. இவ்வேறுபாட்டை உணர மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. 3ஆம் நூற்றாண்டளவில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட ஒரு நூல், தோமையார் கொண்டபோரஸ் என்னும் இந்திய மன்னனைச் சந்தித்ததாகக் கூறுகிறது. அப்படியொரு மன்னன் உண்டா என்று அறிஞர்கள் நெடுங்காலம் ஐயுற்றனர். 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான் பகுதியிலும் இந்தியாவின் வடமேற்கிலும் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. அவன் உண்மையாகவே வாழ்ந்தவன் என்பது உறுதியாயிற்று. ஆனால், நாணயம் மன்னனைத்தான் மெய்ப்பித்தது, சந்திப்பை அன்று. சான்று கூறும் அளவுக்கே முடிவு காண்பது அறிவுடைமையாகும்.

சாந்தோமில் இன்று காணும் வெண்ணிறப் பேராலயம் 1896இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால், அவ்விடம் அதைவிட மிகப் பழைமையானது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, தோமையாரின் கல்லறைக்குக் கிறிஸ்துவரும் முஸ்லிம்களும் திருப்பயணம் வந்ததாகக் குறிப்பிடுகிறார். அங்குள்ள செம்மண்ணை எடுத்துச் சென்று நோயாளிகளுக்குக் கொடுப்பர் என்றும் அவர் எழுதியுள்ளார். அவர் எழுதி வைத்ததால்தான் அம்மக்களின் நம்பிக்கை இன்றும் நமக்குத் தெரிகிறது.

தோட்டத்து மக்களுக்குச் சென்னை மற்றொரு வகையிலும் நெருக்கமானது. அவர்களின் முன்னோர் பலர் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்கள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பலின் பெயரை இன்றும் முதியவர்கள் நினைவுகூர்கின்றனர். ஆகவே, சாந்தோம் கடற்கரையில் நிற்கும்போது பேரப்பிள்ளைகள் இரண்டு கதைகளை எண்ணிப் பார்க்கலாம். ஒன்று, அக்கடல் வழியே வந்த சமயத்தின் கதை. மற்றொன்று, அக்கடல் வழியே சென்ற தங்கள் குடும்பத்தின் கதை.

இவ்விரண்டாம் கதை எங்கே எழுதப்பட்டுள்ளது? தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டத்துக் கோயிலையும் தேவாலயத்தையும் யார் கட்டினார்கள், எந்த ஆண்டில் கட்டினார்கள் என்னும் விவரம் பல இடங்களில் முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளது. அந்நினைவும் மறைந்துவிட்டால், நூறாண்டுக்கு உட்பட்ட நம் வரலாறே ஐயத்துக்குரிய மரபுச் செய்தியாகிவிடும்.

இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையைத் தேடிக் கடல் கடந்து செல்வது சிறப்பு. அவ்வாறு சென்று திரும்புபவர்கள், தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து அவர்கள் கூறுவதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் அது மேலும் சிறப்பாகும். பழைய நிழற்படம், தேவாலயப் பதிவேடு, கோயில் திருவிழா அழைப்பிதழ் ஆகிய யாவும் சான்றுகளே. அவற்றில் ஆண்டையும் இடத்தையும் குறித்து வைப்பது, நாளைய வரலாற்றுக்கு நாம் இடும் முதற்படியாகும்.

சிந்தனைக்கு:
1. இப்பகுதியிலிருந்து மரபுச் செய்திகள் இரண்டனையும் வரலாற்றுச் சான்றுகள் இரண்டனையும் எடுத்தெழுதுக.
2. உன் வட்டாரத்திலுள்ள வழிபாட்டுத் தலம் ஒன்றன் வரலாற்றை அறிய யாரைச் சந்திப்பாய்? என்னென்ன கேள்விகளைக் கேட்பாய்?