பிழையின் இடத்தைக் காட்டும் கணக்கு

சாதாரணச் சில்லின் மின்சுற்று தொழிற்சாலையிலேயே நிலையாக அமைந்துவிடுகிறது. 1985-இல் சைலிங்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.சி.2064 அப்படிப்பட்டதன்று. அதில் 64 லாஜிக் கட்டங்கள் இருந்தன. எந்தக் கட்டம் எதனுடன் இணைய வேண்டும் என்பதை, சில்லின் உள்நினைவகத்தில் உள்ள 0, 1 என்னும் பிட்டுகளே முடிவு செய்தன. இத்தகைய சில்லை எஃப்.பி.ஜி.ஏ. என்பர். மின்சாரம் நின்றால் இந்நினைவகம் அழிந்துவிடும். மீண்டும் வந்ததும், வெளியே உள்ள நிலையான நினைவகத்திலிருந்து பிட்டுகள் ஏற்றப்படும்.

விண்கலத்தில் இதற்கு ஓர் ஆபத்து உண்டு. காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று தாக்கினால் 0 என்பது 1 ஆகலாம். சில்லு பழுதாவதில்லை; ஆனால் மின்சுற்றே வேறாகிவிடலாம்!

கெட்ட பிட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? 1950-இல் ரிச்சர்டு ஹாமிங் ஒரு வழி காட்டினார். ஏழு இடங்களை எடுத்துக்கொள்வோம். 3, 5, 6, 7-இல் செய்தி. 1, 2, 4-இல் காவல் பிட்டுகள்.

1-இன் குழு: 1, 3, 5, 7
2-இன் குழு: 2, 3, 6, 7
4-இன் குழு: 4, 5, 6, 7

ஒவ்வொரு குழுவிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி காவல் பிட் வைக்கப்படும். பின்னர் 1-இன் குழுவும் 4-இன் குழுவும் ஒற்றைப்படையானால், 1+4=5. ஐந்தாம் பிட்டே தவறு. அதை மாற்றினால் போதும்.

இரண்டு பிட்டுகள் கெட்டாலோ இக்கணக்கு தவறான இடத்தைக் காட்டிவிடும். ஆகவே, இரண்டாம் பிழை நேருமுன் முதற்பிழையைத் திருத்த, நினைவகத்தை ஓயாமல் படித்துச் சரிபார்க்கிறார்கள்.

2-இன் குழுவும் 4-இன் குழுவும் ஒற்றைப்படையானால் எந்த பிட் தவறு? நீங்களே சொல்லுங்கள்!