செட்டும் உலோபமும்

சைவாசிரியர்காள்! வரவறிந்து செலவிடுதல் செட்டு. தானும் உண்ணாது பிறர்க்கும் ஈயாது பொருளைப் பூட்டிவைத்தல் உலோபம். இவ்வேறுபாட்டை மாணாக்கருக்கு உணர்த்துதல் நமது கடன்.

2022ஆம் ஆண்டிலே இலங்கையில் உணவுப்பொருள்களின் விலை ஓராண்டினுள் ஏறக்குறைய இரட்டித்தபொழுது, பசியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நாம் கண்டோம். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே ஆறுமுகநாவலரவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார்கள். அவ்வழியிலே நம்மால் இயல்வது பிடியரிசி.

உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடியை வேறொரு பானையிலே இடுக. பிடி 50 கிராமாயின் 30 நாளில் ஒன்றரைக் கிலோகிராமாகும்; 20 வீட்டார் செய்யின் 30 கிலோகிராமாகும். இக்கணக்கை மாணாக்கரைக் கொண்டே செய்விக்க. முற்றத்திலே முருங்கையிலை இருக்கச் சந்தையிலே கறிக்குப் பணமிறைத்தல் தகாதென்பதையும் உடன் கூறுக.

ஆயின், உலைக்கே அரிசி போதாத வீட்டிலே பிடி கேட்டல் பாவமாம். அவ்வீட்டுக்கே அப்பானையரிசி சென்று சேர்தல் வேண்டும். கொடுத்தோர் பெயரும் கொண்டோர் பெயரும் வகுப்பிலே சொல்லற்க. முதற்பிடி ஆசிரியர் வீட்டினதாகுக. ஈகையில் முடியாத செட்டு உலோபமேயாம்.