பத்தாண்டு உழைக்கும் கணினிக்கு எந்த எஸ்எம்பிஎஸ்?

திருவனந்தபுரத்தில் கணினி அசெம்பிள் செய்வோர் பலர் பிராசஸருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினெட்டோடு வரும் கொசுறாக நினைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. எஸ்எம்பிஎஸ்ஸின் ஆயுள் பெரும்பாலும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளின் கையில். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஏசி இல்லாத அறையில், இந்தக் கடலோரப் புழுக்கத்தில், கேபினெட்டின் உட்புறம் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஆகவே 105 டிகிரிக்குத் தரமிட்ட மின்தேக்கிகளும் 7 முதல் 10 ஆண்டு வாரண்டியும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். '80 பிளஸ் கோல்டு' முத்திரை போதாதா? அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும்; சோதனையும் சுமார் 23 டிகிரியில் நடப்பது. நம் ஊரில் அந்தக் குளிர் டிசம்பர் விடியலில்தான் கிடைக்கும்! வாட்டை ஏற்றினால் ஆயுள் கூடும் என்பதும் பாதி உண்மையே. உச்சத்தில் 350 வாட் இழுக்கும் கணினிக்குத் தரமான 550 வாட் போதும்; மலிவான 1000 வாட்டைவிட அதுவே மேல்.

இடி மின்னலுக்குத்தான் யுபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். சாதாரண யுபிஎஸ் மின்தடையைச் சமாளிக்கும், மின்னலை அல்ல. ஏப்ரல், மே மாதங்களிலும் துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழையிலும் பிற்பகல்தோறும் இடி மிரட்டும் ஊர் இது. எர்த் சரியில்லாத வீட்டில் சர்ஜ் புரொடெக்டரும் பாதி ஒப்புக்குத்தான். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதியுங்கள். வானம் கறுத்ததுமே, இடி தொடங்கும் முன், பிளக்கையும் இணையக் கேபிளையும் உருவிவிடுங்கள். மலிவான எஸ்எம்பிஎஸ்ஸையே வாங்கி, கெட்டால் மாற்றிக்கொள்ளலாமே என்ற வாதம் கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் துணைக்கு அழைத்துப் போகக்கூடும்.