கைக்கு ஏத்த வாட்ச்

முதல் சம்பளத்துல ஒரு வாட்ச் வாங்கணும், ஆனா ரெண்டாயிரத்துக்கு மேல போகமுடியாதுன்னு சொன்னியே மக்கா. அந்தப் பணம் போதும். பூதப்பாண்டியில இருந்து வடசேரிக்குப் பஸ் ஏறுமுன்ன ஒரு வேலை செய். பூ கட்டுற வாழைநாரு ஒண்ணெடுத்து மணிக்கட்டைச் சுத்தி, ஸ்கேல்ல வச்சு அளந்து பாரு.

சுற்றளவு 15 சென்டிமீட்டர்னா 28-ல இருந்து 34 மில்லிமீட்டர் வரைக்கும் டயல் போதும். தம்பி மாதிரி 17, 18 வந்தா 38, 40 வரை போகலாம். டயலைவிட முக்கியம், ஸ்ட்ராப் மாட்டுற கொம்பு. கடையில வாட்ச்சைக் கட்டி, கையை மேசைமேல வச்சு நேர் மேலேருந்து பாரு. கொம்பு மணிக்கட்டோட ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கிட்டு நின்னா, விலை எவ்வளவுன்னாலும் இரவல் வாங்கிக் கட்டின மாதிரிதான் தெரியும். கழட்டிக் குடுத்துரு. அளவு சரியா இருந்தா சாதாரண வெள்ளை டயல்கூட எடுப்பா இருக்கும், கேட்டியா.

விலை குறைஞ்சா நேரம் தப்புமோன்னு பயப்படாதே. செல்லுல ஓடுற குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள்ள ஒரு சின்னப் படிகத் துண்டு நொடிக்கு 32,768 தடவை அதிருது. எண்ணூறு ரூபா வாட்ச்சுலயும் எண்பதாயிரம் ரூபா வாட்ச்சுலயும் பெரும்பாலும் இதே கணக்குதான். மாசத்துக்குப் பத்திருபது நொடி முன்னப்பின்ன போகும், அவ்வளவுதான். அதனால நீ குடுக்குற காசு கண்ணாடிக்கும் கூட்டுக்கும் ஸ்ட்ராப்புக்கும்தான். அது மூணையும் தொட்டுத் தடவிப் பாத்து வாங்கு.

காலேஜ்ல படிக்கும்போது நான் தங்கக் கலரைப் பாத்து, பெரிய கம்பெனி பேர் போட்ட போலி வாட்ச் ஒண்ணு வாங்கினேன். ஆடிச் சாரல் முடியுமுன்ன முலாம் உரிஞ்சு, மணிக்கட்டைச் சுத்திப் பச்சை வளையம், அரிப்பு. அன்னையில இருந்து பின்மூடியைத் திருப்பிப் பாக்காம நான் எந்த வாட்ச்சும் எடுக்கிறதில்ல. அதுல 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்'னு இருக்கணும். 30 மீட்டர்னு போட்டிருந்தா முப்பது மீட்டர் ஆழம் போகலாம்னு நினைச்சிராதே. மழைத் தூறலும் கைகழுவுறதும் தாங்கும்னுதான் அதுக்கு அர்த்தம். பழையாத்துல குளிக்கப் போனா கழட்டி வச்சிரு. நீச்சலுக்கு 100 மீட்டர் வேணும்.

ஸ்ட்ராப் விஷயத்துல நம்ம ஊரை மறந்திராதே. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, நடுவுல வேர்வை. தினமும் கட்டினா லெதர் ஒரு வருசத்துல வீச்சமெடுத்து வெடிச்சிரும். ஸ்டீல் செயின் எடு, இல்லன்னா நைலான். கொம்புக்கு நடுவுல அகலம் 18 அல்லது 20 மில்லிமீட்டரா இருக்கட்டும், அந்த அளவுல ஸ்ட்ராப் எங்கயும் கிடைக்கும். மீதிக் காசுல விசேஷத்துக்கு மட்டும்னு மெரூன்ல ஒரு லெதர் ஸ்ட்ராப் வாங்கி வச்சேன்னா, ஆபீசுக்குக் கட்டுற வாட்ச்சே தேருக்குப் பட்டுச்சேலையோட போகும்.

கம்பெனின்னு கேட்டா, நான் முதல்ல சொனாட்டாதான் பாக்கச் சொல்லுவேன். டாடாவும் நம்ம மாநில அரசோட டிட்கோவும் சேர்ந்து 1984-ல தொடங்கின டைட்டனோட பிராண்டு அது. ஓசூர்லதான் டைட்டன் ஃபேக்டரி. டிஜிட்டல் பிடிக்கும்னா கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-ல வந்த மாடல், இன்னமும் விக்குது, செல் ஏழு வருசம் வரும்னு கம்பெனியே சொல்லுது. அப்பா கட்டியிருக்கிற மாதிரி கீ குடுக்கிற எச்எம்டி வேணும்னு ஆசைப்பட்டா, ஆன்லைன்ல அவசரப்பட்டு வாங்கிராதே. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிச்சு விக்கிறது நிறைய. வீட்டுப் பீரோவுல யாராவது பழசு வச்சிருக்காங்களான்னு முதல்ல கேளு.

பில்லுலயும் வாரண்டி கார்டுலயும் கடைச் சீலும் தேதியும் இருக்கான்னு பாரு. செயினை உன் கைக்குச் சின்னதாக்கும்போது கழட்டின கண்ணியை மறக்காமக் கேட்டு வாங்கி, பில்லோட ஒரு கவர்ல போட்டு வை. நாளைக்குக் கை கொஞ்சம் பூசினா, அந்தக் கண்ணி தனியா எங்க தேடினாலும் கிடைக்காது.